ரப்பர்ப் பூதமும் நமது பகுத்தறிவும்

நம் நண்பர்களிற் சிலர் நம்மைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "பேயில்லை, பூதமில்லை என்று மேடைதோறும் முழங்குகிறீர், பத்துத் தலை உண்டென்பாரைப் பார்த்து நகைக்கிறீர். ஆனால் வீடு சேர்ந்ததும், அட்டையில் செய்த ஆகாயக் கப்பலையும் ரப்பர்த் தோலைப் போர்த்துக்கொண்டு வரும் பூதத்தையும் தொலைக்காட்சியில் கண்கொட்டாமல் பார்க்கிறீராமே. இது எந்த ஊர் நியாயம்?" என்பதே அக்கேள்வி. அவர்கள் கேட்பது வேடிக்கைக்காகத்தான். ஆனால் இதே கேள்வியைச் சுமார் 50 ஆண்டுகளுக்கு முன் நமது தகப்பனார் மெய்யாகவே கேட்டார். அன்று நம்மிடம் பதில் இல்லை. இன்று ஒருவாறு உண்டென்று எண்ணுகிறோம். அதை நேயர்கள் முன் வைத்து, சரியா தவறா என்று அவர்களையே தீர்ப்புச் சொல்லக் கேட்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பிறந்து வளர்ந்தது மலாக்கா மாநிலத்தில் ஜாசினுக்கு அருகேயுள்ள ஒரு ரப்பர்த் தோட்டம். தாயார் பால் வெட்டினார். தகப்பனாருக்குப் புகைக் கொட்டகையில் வேலை. 1954-ம் ஆண்டின் கடைசியில் பெரியார் இரண்டாம் முறையாக மலாயாவுக்கு வந்தபோது, அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறிய இளைஞர்களில் தகப்பனாரும் ஒருவர். அன்று முதல் திருநீற்றை விட்டார், தாயத்தைக் கழற்றினார், லயத்தின் கோடியில் பாழடைந்து கிடந்த அறை ஒன்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிப் படிப்பகம் ஒன்று தொடங்கினார். இரண்டு பத்திரிகைகள், ஒரு பலகைத் தட்டில் முப்பது நாற்பது புத்தகங்கள், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, கீழே விரிக்க மூன்று பாய்கள். படிப்பகத்தின் சொத்து இவ்வளவே.

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி. அது நம் தோட்டத்துக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. முதலில் வந்தது கிராணியார் வீட்டுக்கு. மாலையில் பெட்டியின் ஒளி சன்னல் வழியே வாசலில் விழும். லயத்துப் பிள்ளைகள் இருபது பேர் அந்தச் சன்னலுக்கு வெளியே ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்போம். உள்ளே நாற்காலி காலியாக இருக்கும்; ஆயினும் லயத்துப் பிள்ளை உள்ளே வந்து உட்காருவதென்பது அக்காலத்தில் யாரும் நினையாத காரியம். நாமும் நினைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

அந்தச் சன்னல் வழியேதான் ஜப்பான் நாட்டு 'அல்ட்ராமேன்' தொடரை முதலில் கண்டோம். வாரந்தோறும் ஒரு பூதம் வரும். அது கடலிலிருந்தோ மலையிலிருந்தோ எழுந்து பட்டணத்தை மிதிக்கும். அதை எதிர்க்க, வேறு கிரகத்திலிருந்து வந்த வீரன் ஒருவன் மலைபோல் வளர்ந்து நிற்பான். அவனால் இப்பூமியில் மூன்று நிமிஷங்களே அவ்வுருவில் நிற்க முடியும். நேரம் முடியப்போகிறதென்றால் அவன் மார்பிலுள்ள விளக்கு மினுக்கி ஒலி எழுப்பும். அந்த ஒலி கேட்டதும் சன்னலுக்கு வெளியே நிற்கும் இருபது பேரும் மூச்சை அடக்குவோம். விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாக மாறும் என்பது நமக்குத் தெரியாது. பெட்டி கறுப்பு வெள்ளைப் பெட்டி. வீரனின் உடை வெள்ளியும் சிவப்பும் என்பதையே, நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்த 1978-க்குப் பிறகு, மலாக்கா நகரத்துக் கடை ஒன்றின் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் அறிந்தோம். அதுவரை நமக்கு அவன் சாம்பல் நிறத்தவன்.

ஒரு நாள் இரவு அந்தப் பூதத்தைக் கனவில் கண்டு அலறி எழுந்தோம். நமக்கு அப்போது வயது ஒன்பது. தாயார் விளக்கை ஏற்றி, விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னோம். அதன் தோல் எப்படியிருந்தது என்று கேட்டார். கரடுமுரடாய், மடிப்பு மடிப்பாய் இருந்தது என்றோம். தாயார் மூலையில் கிடந்த ஒட்டுப்பால் கட்டியை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுதானடா அது. நாம வெட்டுற பாலு. அதுக்கா பயப்படறே?" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். விடியுமுன் பிரட்டுக்குப் போகவேண்டியவர். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்கு நேரமில்லை. நாமோ அந்தக் கட்டியை முகர்ந்து பார்த்தபடியே தூங்கிப்போனோம். அந்த நாற்றம் நமக்குப் பழகிய நாற்றம். அதற்குப் பிறகு பூதம் கனவில் வந்ததில்லை.

தகப்பனாருக்கு இது தெரிந்தபோது கோபம் வந்தது. "முனி அடிக்குமென்று சொன்ன காலத்தில் பிள்ளைகள் அலறினார்கள். அதை ஒழிக்க நாம் இருபது ஆண்டு பாடுபட்டோம். இப்போது பெட்டியிலிருந்து பூதம் வருகிறது. புராணத்தில் பத்துத் தலை, இதில் ரப்பர்த் தலை; என்ன வேறுபாடு, சொல்" என்றார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சன்னலுக்குப் போகக்கூடாதென்று உத்தரவாயிற்று. உத்தரவை மீறிப் போனோம் என்பதையும் மறைக்கவில்லை.

சில வாரங்களில் ஒரு மழை நாளில் சன்னல் கதவு அடைக்கப்பட்டது. மழைச் சாரல் உள்ளே வருகிறதென்பது காரணம். காரணம் நியாயமானதே. ஆனால் மழை விட்ட பின்பும் கதவு திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை. நனைந்த பிள்ளைகள் தலை குனிந்து லயத்துக்குத் திரும்புவதைத் தகப்பனார் படிப்பக வாசலிலிருந்து பார்த்தார். அன்றிரவு அவர் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வீட்டுக்கு இவ்வளவு வெள்ளி என்று எழுதி, ஆறு மாத காலத்தில் பணம் சேர்த்து, ஜாசினிலிருந்து பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து படிப்பகத்தில் வைத்தார். தோட்டத்து மின்சாரம் படிப்பகத்துக்கு எட்டாதாகையால், கார் பாட்டரி ஒன்றைக் கொண்டு பெட்டி ஓடியது. அந்தப் பாட்டரியைச் சைக்கிளில் வைத்துக்கட்டிப் பட்டணத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஏற்றி வருவது நம் வேலை.

ஆனால் தகப்பனார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, படிப்பகத்துப் பாயில் யார் பக்கத்தில் யாரும் உட்காரலாம். இதைக் கேட்டு நேயர்கள் இதென்ன நிபந்தனை என்று எண்ணக்கூடும். அன்று எங்கள் லயத்தில், ஒரே மரத்தடியில் பால் வெட்டியவர்களும், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களும், கப்பலில் வந்தபோது கூடக் கொண்டுவந்த ஜாதியை வீட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்தார் இன்னொரு குடும்பத்தாரோடு ஒரே பாயில் தம் பிள்ளைகளை உட்கார விடமாட்டோம் என்றனர். தகப்பனார், "உட்கார மனமில்லாதவர்கள் வீட்டிலிருந்தபடியே சத்தத்தை மட்டும் கேட்கலாம்" என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பத்தார் மூன்று வாரம் பொறுத்தார்கள். நான்காம் வாரம் பிள்ளைகள் வந்தனர். ஐந்தாம் வாரம் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் சாக்கில் தாயும், ஏழாம் வாரம் தாயைத் தேடிக்கொண்டு தந்தையும் வந்தனர். எத்தனையோ கூட்டங்களில் நிறைவேற்றிய தீர்மானங்கள் செய்யாத காரியத்தை ஒரு ரப்பர்ப் பல்லி செய்தது. இதனால் ஜாதி ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்லவரவில்லை. பாயில் வந்த சமத்துவம் பந்திக்கு வரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின; கல்யாணப் பேச்சில் இன்னும் முழுதாக வரவில்லை. ஆயினும் பாய் ஒரு தொடக்கமே.

இரண்டாம் நிபந்தனை இன்னும் விநோதமானது. தொடர் முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவரும் அன்று கண்டதில் ஒரு பிழையாவது எடுத்துச் சொல்லவேண்டும். சொன்னவர்களுக்குத்தான் அடுத்த வாரம் முன்வரிசையில் இடம். தகப்பனார் இதை எதற்காக வைத்தார் என்றால், பிழையைக் காணக் காணப் பிள்ளைகளுக்கு அதன்மேல் வெறுப்பு வந்துவிடும், பெட்டியை விட்டுப் பத்திரிகைக்கு வந்துவிடுவார்கள் என்றுதான். நடந்தது நேர்மாறாக. பூதம் மிதித்த கட்டடத்தில் கடுதாசி மடிப்புத் தெரிந்தது என்றான் ஒருவன். ஓடும் லாரியின் சக்கரம் சுற்றவில்லை என்றான் மற்றொருவன். இந்த வாரப் பூதமும் முன்னொரு வாரம் வந்த பூதமும் ஒரே மாதிரி நடக்கின்றன, தோலை மாற்றித் தைத்திருக்கிறார்கள் என்றாள் ஆயக்கொட்டகை ஆயாவின் மகள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் அத்தொடரைப் பற்றிப் படித்தபோது, அவள் சொன்னது முற்றிலும் உண்மை என்று கண்டு வெட்கினோம். பரகான் என்ற பூதத்துக்காக 1965-ம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் செய்த ஒரே தோலை மாற்றி மாற்றித்தான் நெரோங்கா, மகுலார், கபோரா என்ற பூதங்களைச் செய்தார்கள். புகழ்பெற்ற காட்ஸில்லாவின் தோலுக்கே கழுத்தில் ஒரு விசிறியைத் தைத்து ஜிராஸ் என்று வேறு பெயர் சூட்டி விட்டார்கள்.

பிழை காணக் காண எங்களுக்கு அத்தொடர்மீது அன்பு மிகுந்தது. அதுமட்டுமன்று, ஒருநாள் ஒரு சிறுவன், "ஆகாய வெளியில் காற்றில்லை என்று பாடத்தில் படித்தோமே, பின் அங்கே வெடிச்சத்தம் எப்படிக் கேட்டது?" என்று கேட்டான். தகப்பனாருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அடுத்த சம்பள நாளில் பட்டணம் போய் ஒரு விஞ்ஞான நூலை வாங்கி வந்தார். ஒலி செல்லக் காற்றோ நீரோ வேறொரு பொருளோ வேண்டும். வெற்றிடத்தில் வெடி வெடித்தால் கேட்காது என்று அடுத்த வாரம் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். படிப்பகத் தட்டில் வந்தமர்ந்த முதல் விஞ்ஞான நூல் அதுதான். அதை வாங்க வைத்தது பூதம்.

இனி, உலகத்தில் இவ்வகைத் தொடர்கள் எப்படிப் பிறந்தன என்பதைச் சற்றே பார்ப்போம். நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்குவதற்குச் சரியாக 35 நாட்களுக்கு முன், 1963 நவம்பர் 23-ந் தேதி, லண்டனில் பி.பி.சி. நிறுவனம் 'டாக்டர் ஹூ' என்ற தொடரைத் தொடங்கிற்று. அதைத் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம்பெண். வேலையை ஏற்றபோது வயது 27. முதற்கதையை இயக்கியவர் வாரிஸ் உசேன், லக்னோவில் பிறந்தவர். பெண்ணையும் இந்தியரையும் பெரிய நாற்காலிகளில் காண்பது அரிதாயிருந்த காலத்தில் அப்படி நடந்தது. கையில் இருந்த பணமோ சொற்பம். ஆகவே காலத்தைக் கடந்து செல்லும் கப்பலை, தெருவோரத்துப் போலீஸ் டெலிபோன் பெட்டியாகவே காட்டினார்கள். உருமாறும் யந்திரம் பழுதாகிவிட்டதென்று கதையில் ஒரு காரணமும் சொல்லிவிட்டார்கள். அக்கப்பல் கிளம்பும் ஓசை, பழைய பியானோக் கம்பிமேல் வீட்டுச் சாவியைத் தேய்த்து உண்டாக்கியது. உலகத்தையே நடுங்க வைத்த டாலெக் என்ற யந்திரப் பகைவனின் கை, குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கிண்ணம் செருகிய கோல். கதாநாயகராய் நடித்த முதியவருக்கு உடல்நலம் குன்றியபோது, 1966-ல், அவர் உருவம் மாறி வேறொருவர் ஆகிறார் என்று கதையையே திருப்பினார்கள். அந்த ஒரு யுக்தியால்தான் அத்தொடர் இத்தனை தலைமுறை உயிர் வாழ்கிறது.

அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் கதையும் இதுவே. வாராவாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டப் பணம் போதாமையால், மனிதரை ஒளியாக்கி இறக்கும் யந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார்கள். அதில் வரும் வைத்தியரின் கருவி, மேஜைமேல் வைக்கும் உப்புக் குப்பி. அல்ட்ராமேனின் மூன்று நிமிஷக் கணக்கிலும் சிக்கனம் உண்டு. சண்டை நீள நீளச் செலவும் நீளுமன்றோ! வறுமையால் வந்த வழிகளே பிற்காலத்தில் அத்தொடர்களின் அடையாளங்களாயின. தகர டப்பாவை விளக்காக்கியும், பால் மங்கைப் பூந்தொட்டியாக்கியும் வாழ்ந்த தோட்டத்து மக்களுக்கு இதன் அருமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இவ்விஷயத்தில் தமிழர் பின்தங்கியிருந்தனர் என்று யாரும் நினைக்க வேண்டாம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கருடன் கூட்டுச் சேர்ந்து 1952-ல் வெளியிட்ட 'காடு' படத்தில், அழிந்துபோன மயிர் யானைகள் வருகின்றன. சாதாரண யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி அவற்றைச் செய்தார்கள். 1963 ஏப்ரலில், அதாவது லண்டனில் டாக்டர் தோன்றுவதற்கு ஏழு மாதம் முன்பே, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளிவந்தது. அதில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வருவது பொன்னுக்காகவும் மண்ணுக்காகவும் அன்று. தங்களிடம் இல்லாத இசைக் கலைக்காக ஒரு பாடகியைக் கொண்டுபோகிறார்கள். பின்னர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதி, ஜீனோ என்னும் யந்திர நாய்க்குட்டியைத் தமிழ் வீடுகளில் குலவ விட்டார். ஆனால் இவையெல்லாம் ஒன்றிரண்டாய் நின்றுவிட்டன. வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் வந்து, பிள்ளைகளோடு கூடவே வளரும் தமிழ் விஞ்ஞானத் தொடர் ஒன்று நமக்கு வாய்க்கவில்லை. புராணத் தொடர்களுக்கோ நம்மிடம் பஞ்சமே இருந்ததில்லை.

ஸ்டார் டிரெக் தொடரைப் படிப்பகத்தில் கண்ட முதல் நாள் நடந்த ஒன்றை மறக்க முடியாது. கப்பலின் தலைமைக் கூடத்தில் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரியாக உட்கார்ந்திருந்தாள். உஹூரா என்பது அவள் பெயர். நம் தாயார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பள அங்க வேலைக்காரியா?" என்று கேட்டார். இல்லை, அதிகாரி என்றோம். "நம்ம நெறமா இருக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தொடர் வரும் நாளில் சமையலை முன்னதாகவே முடித்துவிடுவார். அதே பாத்திரத்தைச் சிறு வயதில் கண்டு ஊக்கம் பெற்ற மே ஜெமிசன் என்ற அம்மையார், 1992-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார். அட்டைக் கப்பலைக் கண்டு மெய்க் கப்பலில் ஏறினவர்கள் உண்டு என்பதற்கு இது போதுமான சாட்சி.

இப்போது தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். பத்துத் தலைக்கும் ரப்பர்த் தலைக்கும் என்ன வேறுபாடு? நம் மனத்தில் மூன்று வேறுபாடுகள் படுகின்றன.

முதலாவது, புராணத்தில் தையலைக் காட்டினால் பாவம். இங்கே தையலைக் காண்பதே இன்பம். பூதத்தின் முதுகில் தையல் தெரிகிறதென்று சொன்ன பிள்ளைக்கு நரகம் உண்டென்று எவரும் பயமுறுத்தவில்லை. முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். பொய் என்று தெரிந்தே ஒன்றை விரும்புவது ஒரு காரியம். பொய்யை மெய்யென்று நம்பி அதற்குப் படையலிடுவது வேறு காரியம். முன்னது கலை; பின்னது அடிமைத்தனம். தாயார் நம் கையில் கொடுத்த ஒட்டுப்பால் கட்டியில் இவ்வளவும் அடங்கியிருந்தது. இது மனிதர் கையால் செய்தது, அதுவும் நம் கையால் வெட்டிய பாலைப்போன்ற பாலால் செய்தது என்று அறிந்த கணத்தில் பயம் போயிற்று. பார்க்கும் ஆசையோ போகவில்லை.

இரண்டாவது, புராணத்தைக் காக்கப் பூசாரி உண்டு. இத்தொடர்களைக் காத்தது பார்த்தவர்களே. பி.பி.சி. நிறுவனம் அக்காலத்தில் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால், டாக்டர் ஹூ தொடரில் ஏறக்குறைய நூறு பகுதிகளின் காட்சிகள் மறைந்தன. ஆனால் அப்படி மறைந்த ஒவ்வொன்றின் ஒலியும் இன்று இருக்கிறது. காரணம், ஒளிபரப்பான மாலைகளில் வீட்டிலிருந்து சிலர் தொலைக்காட்சிக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்டார்கள். அத்தொடர் 1989-ல் நிறுத்தப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தபோது, பத்திரிகை நடத்தியும் கதை எழுதியும் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களே. 2005-ல் அதை மீட்டுக் கொண்டுவந்த ரசல் டேவிஸ், சிறு வயது முதல் அதைப் பார்த்து வளர்ந்தவர். ஸ்டார் டிரெக் நிறுத்தப்படப் போகிறதென்று கேள்விப்பட்டு 1968-ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதி, மேலும் ஓர் ஆண்டு அதை நடக்கச் செய்தவர்களும் பார்த்தவர்களே. தலைவனில்லாமல், தட்சிணையில்லாமல், விரும்பியவர்கள் கூடி ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இவை உதாரணங்கள். வீட்டுக்கு இவ்வளவு வெள்ளி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிய தகப்பனார், தாமறியாமலே அந்தக் கூட்டத்தில் ஒருவரானார்.

மூன்றாவது, புராணம் முடிந்துபோன பொற்காலத்தைப் பார்க்கச் சொல்லுகிறது. இவை இனி வரவேண்டிய காலத்தைப் பார்க்கச் சொல்லுகின்றன. அந்தக் காலத்தில் பிறப்பால் உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை என்று துணிந்து காட்டுகின்றன.

இப்படிச் சொன்னாலும் தகப்பனார் பக்கத்து நியாயத்தை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. அபிமானம் பக்தியாய்ப் போவதுண்டு. தமக்குப் பிடித்த தொடரைக் குறை சொன்னவரை எதிரியாக எண்ணிச் சண்டையிடுவாரும், ஒரு பொம்மைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பாரும் இன்று எல்லா நாட்டிலும் உள்ளனர். அவர்கள் தையலைப் பார்க்கும் பழக்கத்தை விட்டவர்கள். தையலைப் பார்க்க மறுக்கும் நாளில் ரப்பர்த் தலையும் பத்துத் தலைதான். அந்த அளவில் தகப்பனாரின் கேள்வி என்றும் உயிரோடிருக்க வேண்டிய கேள்வி.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் லயமும் போயிற்று. அன்று பாயில் உட்கார்ந்தவர்கள் ஜாசினிலும் மலாக்கா நகரத்திலும் சிங்கப்பூரிலும் சிதறிப் போனார்கள். பெட்டியும் பாட்டரியும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. தாயார் முன்னதாகவே மறைந்தார். தகப்பனார் தம் கடைசிக் காலத்தை மலாக்கா நகரத்தில் நமது அடுக்குமாடி வீட்டில் கழித்தார்.

அவர் மறைவதற்குச் சுமார் ஓராண்டுக்கு முன், 2013-ல், நம் மகள் 'லைஃப் ஆஃப் பை' என்ற படத்தை வீட்டில் போட்டாள். புதுச்சேரியில் தொடங்கும் கதையாதலால் தாத்தாவையும் கூப்பிட்டாள். படகில் ஒரு புலி வந்தது. தகப்பனார் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பழைய வழக்கம், தையலைத் தேடினார். கிடைக்கவில்லை. "தையல் எங்கேம்மா?" என்று பேத்தியைக் கேட்டார். "தையல் கிடையாது தாத்தா, எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது" என்றாள். "சரி, யார் செஞ்சது?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. "யார் செஞ்சாங்கன்னு தெரியாம எதையும் பார்க்காதேம்மா" என்றார். அவள் படத்தின் முடிவில் ஓடிய பெயர்களை நிறுத்தி நிறுத்தி அவருக்குப் படித்துக் காட்டினாள். நூற்றுக்கணக்கான பெயர்கள், இடையிடையே நம்மவர் பெயர்களும் வந்தன. அப்புலியைச் செய்த நிறுவனத்துக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், நம் கோலாலம்பூரிலும் கூடங்கள் இருந்தன. அது 2013 பிப்ரவரியில் கடன் தாளாமல் நீதிமன்றத்தை நாடியது. அதே மாதத்தில்தான் அப்படத்தின் காட்சி வேலைக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இதை நாம் சொன்னபோது தகப்பனார், "பால் வெட்டினவன் பேரு டயர்ல இருந்ததா? அதுபோலத்தான்" என்றார். பிறகு, "பேராவது போட்டிருக்கான்" என்று ஒரு சொல் கூட்டிச் சொன்னார்.

தம் பழைய கேள்விக்குத் தாமே பதில் கண்டாரா என்று அவரிடம் நாம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேளாமற்போனது நம் குறை.

நேயர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுவே. உங்கள் பிள்ளைகள் ஆகாயக் கப்பலையும் பூதத்தையும் பார்க்கட்டும், தடுக்கவேண்டாம். ஆனால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். முடிந்ததும் பெட்டியை நிறுத்தி, இன்று கண்ட பிழை என்ன, இதை யார் செய்தார், எதனால் செய்தார் என்று கேளுங்கள். தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாவில் அரசனும் முனிவரும் வரும் நாடகங்களுக்கு நடுவே, அட்டையாலும் பழந்துணியாலும் ஒரு வேற்றுக் கிரகத்தை மேடையேற்றிப் பாருங்கள். தையலை மறைக்க வேண்டாம். பூதத்தைக் கண்டு பயந்து அழும் பிள்ளை இருந்தால், அதன் தோலில் ஒரு துண்டை வெட்டி அப்பிள்ளையின் கையில் கொடுங்கள். தொட்டுப் பார்க்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும். மற்றதை அப்பிள்ளையே தெரிந்துகொள்ளும்.